ஒவ்வொன்றாய்ச் சேர்ந்த பாட்டு

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

டொரன்டோவில் இருப்பவர்களுக்கு இது காலைக் காப்பி நேரம், சிங்கப்பூரில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். எனக்கு இங்கே மதியம் மூன்று மணி. காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த மேடையில் வழக்கமாக நாவல், கவிதை, மொழிபெயர்ப்பு பற்றிப் பேசுவார்கள். நான் பாட்டுக் கோப்புகளைப் பற்றிப் பேசப்போகிறேன். கணினியிலோ கைபேசியிலோ ஒவ்வொரு பாட்டாக நாம் சேர்த்து வைக்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் கணிசமான பகுதி, நான் இப்போது வாழும் ஜெர்மனியில் நடந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. நாகர்கோவில் பக்கம் பிறந்தவள். நர்சிங் டிப்ளமோ படித்தவள். இப்போது நியூரம்பெர்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அவ்வப்போது கதையும் கட்டுரையும் எழுதுகிறேன். என்னிடம் 1,240 பாட்டுகள் இருக்கின்றன. பதின்மூன்று வருடத்தில் சேர்ந்தவை. கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு இரண்டு பாட்டுகூட வராது. மொத்தமும் பத்து ஜிபி அளவுக்குள் அடங்கிவிடும், விரல் நகத்தளவு அட்டையில் போட்டுவிடலாம். கோடிக்கணக்கான பாட்டுகள் கைபேசியில் கொட்டிக் கிடக்கும் காலத்தில் இது எதற்கு என்று என் மகனே கேட்கிறான். இந்த உரை அவனுக்குமான பதில்தான்.

கதையை 1902-ல் தொடங்கலாம். கிராமஃபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் அந்த ஆண்டு கல்கத்தாவுக்கு வந்தார். ஹோட்டல் அறையில் கருவிகளை வைத்து, கௌஹர் ஜான் உள்ளிட்ட பாடகிகளைப் பதிவு செய்தார். அன்று இந்தியாவில் இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை கிடையாது. பதிவான மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு வந்தன. கிராமஃபோன் தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் அந்த ஊர்க்காரர். அவர் குடும்பம் 1898-ல் அங்கே ஆலை தொடங்கியிருந்தது. கல்கத்தாவில் ஆலை வரும்வரை, அதாவது 1908 வரை, இந்தியப் பாட்டு இந்தியாவில் விற்பனைக்கு வருமுன் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

இதில் ஒரு சிக்கல். ஹனோவர் ஆலையில் இருந்தவர்களுக்கு நம் மொழி எதுவும் தெரியாது. எந்தத் தட்டில் யார் குரல் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதற்காகப் பாடகர்கள் பாட்டு முடிந்ததும் தங்கள் பெயரைத் தாங்களே சொன்னார்கள். கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தன் பெயரை உரக்கச் சொல்வதை அந்தப் பழைய பதிவுகளில் இன்றும் கேட்கலாம். பலரும் அதை ஓர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அது ஆலைத் தொழிலாளிக்குச் சொன்ன செய்தி. பாட்டின்மேல் ஒட்டவேண்டிய லேபிளைப் பாடகியே குரலால் எழுதிவிட்டார். ஒரு பாட்டைச் சேமிப்பது என்றால் அதன் ஒலியோடு அதன் பெயரையும் சேமிப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தட்டுகள் நிமிடத்துக்குச் சுமார் 78 முறை சுற்றுபவை. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. 1931-ல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ் பேசும்படம் தொடங்கியபோது, அந்த மூன்று நிமிட அளவு தயாராகக் காத்திருந்தது. சினிமாப் பாட்டு அதற்குள் வந்து உட்கார்ந்தது. மேற்கில் 1948-ல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்த பிறகு, பாட்டுகளைத் தொகுத்து ஆல்பமாகக் கேட்கும் பழக்கம் வளர்ந்தது. பத்துப் பன்னிரண்டு பாட்டு, அதற்கென்று ஒரு வரிசை, ஒரு மனநிலை. நமக்கு அப்படி இல்லை. ஒரு படத்தின் ஆறு பாட்டுகளில் நமக்குப் பிடித்தது இரண்டாக இருக்கும். அந்த இரண்டை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவோம். தமிழ்க் காது எப்போதும் பாட்டுப் பாட்டாகத்தான் கேட்டிருக்கிறது. தனிப் பாட்டு விற்பனை என்று 2003-ல் அமெரிக்காவில் பெரிய புரட்சியாகப் பேசப்பட்டது நமக்குப் பழைய பழக்கம்.

தட்டு வாங்க வசதியில்லாதவர்களுக்கு வானொலி இருந்தது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரையிசையை ஓரங்கட்டினார். அந்த இடைவெளியில் நேயர்களை அள்ளியது இலங்கை வானொலி. 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்த பிறகும் அதன் செல்வாக்கு குறையவில்லை. குமரிக் கரையில் சென்னையைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும் என்று அம்மா சொல்வார். அங்கும் கவனியுங்கள், பாட்டைப் போடுமுன் அறிவிப்பாளர் படத்தின் பெயர், பாடியவர்கள், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். பிறகு அந்தப் பாட்டை விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்கள். பாடலாசிரியர் பெயர் தெரிந்து பாட்டுக் கேட்ட ஒரு தலைமுறையை அந்த அறிவிப்புகள் உருவாக்கின. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்துக்கும் அதில் பங்குண்டு.

எங்கள் வீட்டில் இன்னொரு புத்தகமும் உண்டு. கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகம். ஒவ்வொரு பாட்டுக்கும் எண், தலைப்பில் ராகம், தாளம். பாட்டி எண்ணைச் சொன்னால் பாட்டைப் பாடிவிடுவார். ஒரு பாட்டை அதன் விவரங்களோடு ஞாபகம் வைப்பது என்ன என்பதை நான் முதலில் படித்தது அங்கேதான்.

அடுத்து கேசட். 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியது. அதன் முக்கியத்துவம் சிறிய அளவு மட்டும் கிடையாது. வாங்குபவரே அதில் பதிய முடியும் என்பது பெரிய மாற்றம். எண்பதுகளில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட ரெக்கார்டிங் சென்டர் இருந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வெற்றுக் கேசட்டும், கோடு போட்ட தாளில் எழுதிய பட்டியலும் கொடுப்போம். அறுபது நிமிடக் கேசட் என்றால் பன்னிரண்டு பாட்டு பிடிக்கும். தொண்ணூறு என்றால் பதினெட்டு, இருபது. பக்கம் முடியும் இடத்தில் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்று நிமிடக் கணக்குப் போட்டுப் பட்டியல் எழுதுவார்கள் சிலர். ஒரு வாரம் கழித்துப் போனால், உள்ளட்டையில் கடைக்காரர் கையெழுத்தில் பாட்டுகளின் முதல் வரிகள் வரிசையாக இருக்கும். சட்டப்படி அது சரியா என்று அன்று யாரும் கேட்கவில்லை. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் அதில் ஒரு காசும் போகவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனாலும் ஒரு சாதாரண மனிதர் தனக்கென்று ஒரு தொகுப்பைத் திட்டமிட்டது அங்கேதான் தொடங்கியது.

இனி எம்பி3. நான் இருக்கும் இடத்திலிருந்து எர்லாங்கன் ரயிலில் இருபது நிமிடம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் டீட்டர் சைட்சர் என்ற பேராசிரியருக்கு ஓர் எண்ணம் இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக, கேட்பவர் விரும்பும் இசையை வீட்டுக்கே அனுப்ப வேண்டும். காப்புரிமை கேட்டபோது, இது நடக்காத காரியம் என்று மறுத்துவிட்டார்கள். நியாயமும் இருந்தது. சிடியில் இசை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சம் பிட். தொலைபேசிக் கம்பியில் அதில் பத்தில் ஒரு பங்குதான் போகும். அதை முடித்துக் காட்டும் வேலை கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற ஆய்வு மாணவரிடம் வந்தது. அவரும் எர்லாங்கன்காரர்.

பிராண்டன்பர்க்கும் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் குழுவும் காதின் பலவீனத்தைப் பயன்படுத்தினார்கள். கோயில் மணி அடிக்கும் நொடியில் பக்கத்துக் கிளையில் கத்தும் குருவி நமக்குக் கேட்காது. பெரிய சத்தம் சிறிய சத்தத்தை மறைத்துவிடும். காதுக்கு எட்டாத அந்தச் சத்தத்தை எதற்குச் சேமிக்க வேண்டும்? அதை நீக்கிவிட்டால் கோப்பு பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஐம்பது எம்பி அளவுள்ள ஐந்து நிமிடப் பாட்டு ஐந்து எம்பிக்குள் வந்துவிடும்.

அவர்களைத் திணறடித்தது பெரிய இசைக்குழு எதுவும் இல்லை. சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாட்டு. வாத்தியமே இல்லாமல் ஒற்றைப் பெண் குரல். மறைந்துகொள்ள வேறு சத்தம் இல்லாததால், சுருக்கியதில் நேர்ந்த பழுதெல்லாம் அந்தக் குரலில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் முறையைச் சரிசெய்தார்கள். நம் பழைய பாட்டுகளில் தொகையறா வருமிடத்தை ஒரு மலிவான எம்பி3-யில் கேட்டுப் பாருங்கள். வாத்தியம் இல்லாமல் குரல் மட்டும் நீளும் அந்த இடத்தில் தகரம் உரசுவது போன்ற ஒலி தெரிந்தால், அது அதே பிரச்சினைதான்.

1992-ல் இந்த முறை சர்வதேசத் தரத்தின் பகுதியானது. 1995 ஜூலை 14 அன்று, கோப்பின் பெயர் எம்பி3 என்று முடியவேண்டும் என அந்தக் குழு முடிவு செய்தது. 1999-ல் நாப்ஸ்டர் வந்தது, 2001-ல் வழக்குகளால் மூடப்பட்டது. அதே 2001-ல் ஆயிரம் பாட்டு கொள்ளும் ஐபாட் வந்தது. 2003 ஏப்ரல் 28 அன்று ஆப்பிள் தன் பாட்டுக் கடையைத் திறந்தது. இரண்டு லட்சம் பாட்டுகள், ஒன்று 99 சென்ட். ஆல்பம் முழுவதையும் வாங்கத் தேவையில்லை. முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது. 2004 ஜூனில் ஜெர்மனிக்கும், 2012 டிசம்பரில் இந்தியாவுக்கும் அந்தக் கடை வந்தது. தொடக்கத்தில் வாங்கிய கோப்புக்குப் பூட்டு இருந்தது. 2009-ல் அது நீங்கியது. அதன் பிறகு வாங்கிய பாட்டை எந்தக் கருவியிலும் போடலாம்.

இதே காலத்தில் நம் ஊரில் நடந்தது வேறு. தெருவோரத்தில் எம்பி3 சிடி குவிந்தது. ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு. வாங்கும்போது சந்தோஷம், பத்துப் பாட்டுக்கு மேல் யாரும் கேட்டதில்லை. கூடவே ஒரு பெரிய இழப்பும் நேர்ந்தது. கணினியில் போட்டால் ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்று வரும். இணையத்தில் இறக்கிய கோப்புகளில் பாடகர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர் இருக்கும். இலங்கை வானொலி அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் சொன்ன விவரமெல்லாம் ஒரு தலைமுறைக்குள் அழிந்தது.

அதில் நம் குற்றம் மட்டும் இல்லை. எம்பி3 கோப்பின் கடைசியில் விவரம் எழுத 1996-ல் ஒரு வழி செய்தார்கள். ஐடி3 என்று பெயர். மொத்தம் 128 பைட். பாட்டின் தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30. இசையமைப்பாளருக்கு இடமில்லை. பாடலாசிரியருக்கும் இடமில்லை. தமிழ்ப் பாட்டுக்கு அடையாளமே அந்த இரண்டு பேர்தானே? தவிரவும் அது லத்தீன் எழுத்தை மனதில் வைத்துச் செய்தது. இன்றைய யூனிகோடு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் பொதுவாக மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ‘விஸ்வநாதன்’ என்று எழுதினாலே முப்பது பைட் சரியாகத் தீர்ந்துவிடும். ‘எம்.எஸ்.’ வெளியே நிற்கவேண்டும், ராமமூர்த்தி தெருவுக்கே வரவேண்டியதில்லை. யூனிகோடு பரவுமுன் ஆர்வலர்கள் சிலர் டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் பெயர் எழுதினார்கள். அவை இன்று கட்டமும் புள்ளியுமாகத் தெரிகின்றன. பின்னால் வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பில் இசையமைப்பாளர், பாடலாசிரியர் எல்லோருக்கும் தனி இடம் உண்டு. தமிழில் எழுதவும் முடியும். ஆனால் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

நான் செய்வது அதுதான். ஒரு பாட்டை வாங்குவேன், அல்லது என்னிடமுள்ள சிடியிலிருந்து எடுப்பேன். முழுதாக ஒருமுறை கேட்பேன். படம், ஆண்டு, பாடியவர், இசை, இயற்றியவர் என்று ஐந்தையும் தமிழில் எழுதுவேன். கீர்த்தனை என்றால் ராகத்தையும் சேர்த்துக்கொள்வேன். பாடலாசிரியர் பெயரில் சந்தேகம் இருந்தால் பழைய பாட்டுப் புத்தகத்தைத் தேடுவேன். சில பாட்டுக்கு அரைமணி நேரம், சிலதற்கு ஒரு மாதம். அதனால்தான் வாரத்துக்கு இரண்டுகூட வருவதில்லை. தொகுப்பின் மூன்று பிரதிகளை மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். ஒன்று நாகர்கோவிலில் தம்பி வீட்டில்.

ஸ்ட்ரீமிங் இருக்கும்போது இது வீண்வேலை என்பவர்களுக்கு இரண்டு செய்திகள். 2019-ல் ஸ்பாட்டிஃபைக்கும் சரிகம நிறுவனத்துக்கும் தகராறு வந்து டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. சரிகம என்பது பழைய கிராமஃபோன் கம்பெனி, எச்.எம்.வி.யின் சொத்தெல்லாம் அவர்களிடம் இருக்கிறது. பழைய தமிழ்ப் பாட்டுகளில் பெரும்பகுதி அதில் அடக்கம். அந்தப் பாட்டுகள் அந்தச் சேவையிலிருந்து நீங்கின. 2020-ல் ஒப்பந்தம் ஆன பிறகே திரும்பி வந்தன. இரண்டாவது, அதே 2019-ல் மைஸ்பேஸ் தளம், 2003 முதல் 2015 வரை அங்கே ஏற்றப்பட்ட இசைக் கோப்புகள் சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டதாக அறிவித்தது. வாடகை வீட்டில் குடியிருப்பதில் தவறில்லை. ஆனால் பத்திரப்பெட்டி நம்மிடம் இருக்கவேண்டும்.

நான் நர்ஸாக இருப்பதால் இந்த விஷயம் பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதில்லை. ஜெர்மன் முதியோர் பராமரிப்பில் ‘பியோகிராஃபிஆர்பைட்’ என்று ஒரு நடைமுறை உண்டு. வந்து சேரும் முதியவரின் வாழ்க்கைக் கதையைக் குடும்பத்தாரிடம் கேட்டுப் பதிவு செய்வோம். என்ன வேலை பார்த்தார், எது பிடிக்கும், எந்தப் பாட்டு. மறதிநோய் முற்றியவர்களுக்குக் கடைசிவரை ஏதோவொரு வடிவில் எஞ்சி நிற்பவற்றில் இசையும் ஒன்று. அதிலும் இளம் வயதில் கேட்ட பாட்டு. அமெரிக்காவில் டான் கோஹென் என்ற சமூகப் பணியாளர் 2006 முதல் முதியோர் இல்லங்களுக்கு ஐபாட் கொண்டுபோய், ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாட்டுப் பட்டியல் செய்துகொடுத்தார். பொதுப் பட்டியலைவிடத் தனிப் பட்டியலே அவருடைய வழி. இசை நோயைக் குணமாக்காது, அதை யாரும் நம்பிவிடாதீர்கள். குளிப்பாட்டும்போது வரும் பதற்றம் தணியும். அரைமணி நேரம் முகம் தெளியும். எங்கள் வேலையில் அது பெரிய விஷயம்.

1983-க்குப் பின் ஈழத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர்களுக்கு இப்போது முதுமை வந்துவிட்டது. அவர்களில் ஓர் அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நாற்பது வருடம் பேசிய ஜெர்மன் மொழி அவரைவிட்டுப் போய், தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. என்ன பாட்டு விருப்பம் என்று மகளிடம் கேட்டேன். “அது தெரியேல்ல சிஸ்டர். அம்மா வேலை வேலையெண்டு ஓடினவா, இருந்து பாட்டுக் கேட்டு நான் பாக்கேல்ல” என்றார். ஸ்ட்ரீமிங்கில் பழைய பாட்டுத் தொகுப்பு ஒன்றைப் போட்டோம். மூன்றாவது பாட்டில் அந்த அம்மா கையை உதறி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எந்தப் பாட்டு எந்த நாளை இழுத்துக்கொண்டு வரும் என்று நமக்குத் தெரியாது. ஊரைவிட்டு ஓடிவந்தவர்களிடம் நல்ல நினைவைக் கிளறும் பாட்டும் உண்டு, கிளறக் கூடாத பாட்டும் உண்டு.

சில வாரம் கழித்து மகள் ஒரு கேசட் கொண்டுவந்தார். வீட்டு நிலவறையில் கிடந்ததாம். நாடா முழுக்கப் பூஞ்சை, எந்தக் கருவியிலும் ஓடவில்லை. ஆனால் உள்ளட்டை இருந்தது. அதில் அந்த அம்மாவின் கையெழுத்தில் பன்னிரண்டு முதல் வரிகள், பக்கத்தில் படங்களின் பெயர். நானும் மகளும் ஒவ்வொரு பாட்டாகத் தேடினோம். பதினொன்று கிடைத்தது. நாலாவது பாட்டில் அவருடைய விரல்கள் போர்வைமேல் தாளம் போட்டன. மகள் என் பக்கம் திரும்பவில்லை, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒலி அழிந்துவிட்டது, பெயர்கள் பிழைத்திருந்தன, பெயர்களைக் கொண்டு ஒலியை மறுபடி சேர்த்துவிட முடிந்தது. ஒலி இருந்து பெயர் அழிந்திருந்தால் இவ்வளவு எளிதில்லை.

என் மகனுக்கு நான் சொல்வது இதுதான். கோடிப் பாட்டு என்பது கடல். அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது ஒரு செம்பு நீர். எந்தச் செம்பு என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் அதை எழுதி வைத்திருந்தார்.

இன்று இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் வேறொரு நாட்டில் இருப்பார்கள், அல்லது பக்கத்து அறையில் இருப்பார்கள். இந்த வாரம் பேசும்போது ஒரே ஒரு பாட்டு கேளுங்கள். பள்ளிக்கூட நாளில், கல்யாணத்துக்கு முன்னால், முதல் சம்பளத்தில் கேட்ட பாட்டு எது என்று கேளுங்கள். எது வேண்டாம் என்பதையும் கேளுங்கள். படத்தின் பெயரோடு தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டைக் காசு கொடுத்து வாங்கி, உங்கள் கையிலிருக்கும் கோப்பாக வையுங்கள். அடுத்த வாரம் இன்னொன்று. ஒரு வருடத்தில் ஐம்பது பாட்டு சேரும். எங்களைப் போன்ற நர்ஸ் ஒருத்தி என்றாவது உங்களிடம் கேட்கும்போது எடுத்துக் கொடுக்க அது தாராளமாகப் போதும். உங்களுக்கும் ஒரு பட்டியல் எழுதி வையுங்கள்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.